எந்தக் காட்டில் நடக்கலாம்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டித் தண்ணீரூற்றில் நடைபெற்ற ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழு எனக்குத் தந்த தலைப்பு 'பெண்களும் ஆரோக்கியமும்'. அந்தத் தலைப்பில் நான் சொல்லக்கூடியதை நீங்கள் ஏற்கெனவே கிளினிக் வாசலில் வாங்கில் இருந்து பல தடவை கேட்டுவிட்டீர்கள். சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், நடவுங்கள். ஆகவே கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கதைக்க அனுமதி கேட்டேன், தந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நூற்றாண்டு விழாச் செய்தி போனதிலிருந்து கனடா, லண்டன், சுவிஸ் என்று பல இடங்களில் இருக்கும் அக்காமார் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நாங்கள் வருகிறோம். எங்கள் பிள்ளைகள் அங்கே தேசிய பூங்காக்களில் நடந்து பழகியவர்கள். இங்கே எந்தக் காட்டில் நடக்கலாம்?" நல்ல கேள்வி. காட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த நாங்கள் இதற்கு உடனே விடை சொல்ல முடியாமல் நிற்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் தேசிய பூங்கா என்றால் பொதுவாக வாகனத்தில் ஏறி, வாகனத்திலேயே இருந்து, வாகனத்திலேயே திரும்பி வரும் இடம். வில்பத்துவிலும் யாலவிலும் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் நீங்கள் கீழே இறங்க முடியாது. யானை, சிறுத்தை, கரடி திரியும் காட்டில் அந்த விதி நியாயமானது. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. சுவிற்சர்லாந்தில் 1914 இல் தொடங்கிய தேசிய பூங்காவில் இதற்கு நேர்மாறு: அங்கே நடக்கத்தான் வேண்டும், ஆனால் குறித்த பாதையை விட்டு ஓரடியும் விலகக்கூடாது. சூரிச்சிலும் பேர்னிலும் இருக்கும் நம் தங்கைமாருக்கு இது தெரிந்திருக்கும்.

இங்கே, வழிகாட்டி இல்லாமல் தன்பாட்டில் கால்நடையாகப் போய்வர இடமுள்ள தேசிய பூங்காக்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று நுவரெலியாவுக்கு அப்பால் உள்ள ஹோட்டன் சமவெளி. இதைவிட, வருடத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டும் காலடிக்குத் திறக்கும் ஒரு பாதை குமண, யால காடுகளை ஊடறுத்துப் போகிறது. அந்தப் பாதையின் ஒரு நுனி நம் ஊருக்குள்ளாலேயே போகிறது என்பதை இங்கே பலர் யோசித்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹோட்டன் சமவெளிக்குச் சென்ற மாசி மாதம் நாங்கள் பதினொரு பேர் போய் வந்தோம். எல்லோரும் ஒரே வகுப்பு. எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. மூவருக்கு நீரிழிவு, நால்வருக்குப் பிரசர், ஒருத்திக்கு முழங்கால் வருத்தம். இங்கிருந்து ஒட்டுசுட்டான், வவுனியா, கண்டி என்று வானில் போய், நுவரெலியாவில் ஓர் இரவு தங்கி, விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ரயிலை விரும்புகிறவர்கள் பட்டிப்பொலையிலோ ஒகியவிலோ இறங்கலாம். பட்டிப்பொலைதான் இந்த நாட்டில் ஆக உயரத்தில் உள்ள ரயில் நிலையம்.

விடியப் போகவேண்டியதற்குக் காரணம் பனிமூட்டம். 'உலக முடிவு' என்று சொல்லப்படும் செங்குத்துப் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 870 மீற்றர் ஆழம். காலை ஒன்பது, ஒன்பதரை மணிக்குப் பிறகு போனால் வெள்ளைப் புகாரைத் தவிர வேறொன்றும் தெரியாமல் திரும்ப வேண்டி வரலாம். ஆறு மணிக்கு வாசலில் நின்றால் அவசரப்படாமல் நடக்கலாம். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு. சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி, பிறகு புல்வெளி வழியாகப் புறப்பட்ட இடம். வேகமாக நடப்பவர்களுக்கு மூன்று மணித்தியாலம். எங்களுக்கு ஐந்தேகால் சென்றது. அதில் ஒரு மணித்தியாலம் கட்டிக்கொண்டு போன பிட்டும் சம்பலும் சாப்பிட்டதும் சிரித்ததும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல் உள்ள மேட்டுநிலம். சிங்களத்தில் பழைய பெயர் மகா எலிய. 1830களில் ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை வெள்ளைக்காரர் வைத்தார்கள். 1969 இல் இயற்கை ஒதுக்கம், 1988 இல் தேசிய பூங்கா, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயரமான சிகரங்களான கிரிகல்பொத்தையும் தொட்டுபொலவும் இதற்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் பாதை உண்டு. தொட்டுபொல ஏற்றம் குறுகியது, வழக்கமாக நடப்பவர்கள் ஏறலாம். கிரிகல்பொத்தை நீண்ட நடை. பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவேண்டாம்.

ஒரு காலத்தில் அங்கே யானைகளும் இருந்தன. பேக்கர் போன்ற வேட்டைக்காரர்கள் வந்த பிறகு இல்லாமல் போயின. அந்தச் சாமுவேல் பேக்கரின் பெயரில்தான் நீர்வீழ்ச்சி இன்றும் இருக்கிறது. வேட்டையாடியவர்களின் பெயர் நிலைக்கிறது, யானைகளுக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. 1960களில் அந்தப் புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த மேட்டில் இன்று மரங்கள் மிஞ்சி நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு: தேயிலை, கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாடு முழுவதும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1873 இல், தாவரவியலாளர் ஹூக்கரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டைத் தொடாமல் விடத் தீர்மானித்தார்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கேதான் தலை. குளத்தைப் பார்த்துக் காலம் கழிக்கும் வன்னியாருக்கு அந்த ஈரப் புல்லைக் கையால் தொட்டுப் பார்ப்பது சும்மா விடயம் அல்ல. எங்களில் ஒருத்தி, வயல்காரி, சேற்றை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கொட்டியாரக் குடாவுக்குப் போய்ச் சேருற தண்ணியடி" என்றாள். மகாவலி மூதூர்ப் பக்கம்தான் கடலில் விழுகிறது. சரியாகத்தான் சொன்னாள்.

வாசலில் பொலித்தீன் எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள். பிஸ்கற் பைக்கற்றின் உறையையும் பிரித்துக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளையும் கிழிப்பார்கள். கோபப்படாதீர்கள், குப்பை விடயத்தில் இந்த நாட்டில் நான் கண்ட ஆக நல்ல ஒழுங்கு அது. வாகனம் நிறுத்தும் இடத்தில் மரைகள் பழகிய மாடுகள் போல் வந்து நிற்கும். தீனி கொடுக்காதீர்கள். உலக முடிவில் விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். 2015 இல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஓர் இளைஞர் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்து, நல்ல காலம், கீழே ஒரு மரத்தில் சிக்கி உயிர் பிழைத்தார். எல்லோருக்கும் மரம் இருக்காது.

ஆடி, ஆவணியில் அங்கே காற்றும் தூறலும். தை முதல் பங்குனி வரை வானம் தெளிவு, ஆனால் விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். எங்கள் வெயிலுக்குப் பழகியவர்கள் கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூராரைவிடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

பதினொரு பேர் என்றேன். பத்துப்பேர் இங்கிருந்து போனோம். பதினோராவது ஆள் புத்தளத்திலிருந்து வந்து கண்டியில் எங்களுடன் சேர்ந்தாள். 1990 ஒக்டோபரில், நாங்கள் சின்ன வகுப்பில் இருந்தபோது, இந்த ஊரின் முஸ்லிம் சனம் எல்லாம் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டதை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாக இருந்தன. ரீச்சர் இடாப்பில் பெயர் கூப்பிட்டார், பதில் இல்லாத இடங்களில் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவள் அந்தப் பெயர்களில் ஒன்று. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, உலக முடிவுக்குப் போகும் வழியில் சேற்றில் சறுக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாங்க நடந்த நடைக்கு இது என்னடி" என்றாள். பிறகு அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். நூற்றாண்டு மலரில் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியல் அச்சாகிறது என்று அறிகிறேன். அந்த இடாப்பில் இருந்த பெயர்கள் எல்லாம் அதில் வரவேண்டும் என்று விழாக்குழுவை இந்த மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன். முகவரிகளைத் தேடித் தர அவள் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

நடை என்றாலே இந்த ஊரில் வேறு ஞாபகங்கள்தான் முதலில் வரும். 2008 கடைசியில் முள்ளியவளையை விட்டுக் கிளம்பி, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்து, 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை உயர்த்த வேண்டாம். என் அம்மாவும் அந்தப் பாலத்தைக் கடந்தவர். "நடந்தால் சீனி குறையும் அம்மா" என்று நான் சொல்லும்போதெல்லாம், "நான் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிச்சிட்டன் பிள்ளை" என்பார். மருத்துவப் புத்தகத்தில் இதற்கு மறுமொழி இல்லை. கிளினிக்கில் மற்றப் பெண்களும் வேறு வேறு சொல்லில் இதையேதான் சொல்கிறார்கள். துரத்தப்பட்டு நடந்த கால்களுக்கு, தானாக விரும்பி நடப்பது என்றால் என்னவென்று புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது. அதை ரோட்டில் பழக்க முடியவில்லை. "நாய் கலைக்கும்", "சனம் கதைக்கும்", "ஆம்பிளையள் மதவடியிலை நிக்கிறாங்கள்" என்று எத்தனையோ தடைகள். காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நடக்கிறார்கள். இது நான் கண்ணால் கண்டது.

இனி அந்த இன்னொரு பாதை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை போகும் பாதயாத்திரையைத்தான் சொல்கிறேன். தொண்டைமானாற்றில் தொடங்கி, வன்னிக்குள் வந்து, வற்றாப்பளை அம்மனின் வைகாசி விசாகப் பொங்கலைக் கண்டு, கரையோரமாகத் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று இறங்கி, உகந்தை மலை முருகன் கோயிலைச் சேரும். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து போவது நின்றிருந்தது; இப்போது திரும்பவும் போகிறார்கள். காட்டுவிநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும் நாட்களில் முள்ளியவளைப் பக்கம் காவி வேட்டியும் கைத்தடியுமாகச் சிலர் வந்து தங்குவதை நாங்கள் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

உகந்தையில் 'காட்டுப்பாதை திறப்பு' என்று ஒரு நாள் குறிப்பார்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, வழக்கமாக ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வரும். அன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் குமண தேசிய பூங்காவுக்குள்ளும் அதை அடுத்த யாலவுக்குள்ளும் கால்நடையாகப் போக விடுகிறார்கள். மற்ற நாட்களில் வாகனத்தை விட்டு இறங்க முடியாத அதே காடு. குமணவை முன்பு யால கிழக்கு என்பார்கள். 1970 இல் தேசிய பூங்கா ஆனது, 1985 முதல் 2003 வரை போரால் மூடிக்கிடந்தது, 2006 இல் பெயர் மாறியது. உகந்தையிலிருந்து வாகூரவெட்டை, குமுக்கனாறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போவார்கள். எண்பது கிலோமீற்றர் அளவு. ஐந்து, ஆறு நாள் எடுக்கும். குமுக்கனாற்றங்கரை மருத மரங்களின் கீழ் ஓர் இரவு படுத்திருக்கிறேன். 'குமுக்' என்பதும் சிங்களத்தில் மருதுதான். ஆயிரக்கணக்கானோர் போகும் பாதை; தனியாகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். காட்டுக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள் என்னையும் யாரும் டொக்டர் என்று கூப்பிடவில்லை. எவ்வளவு ஓய்வு தெரியுமா அது!

பக்தியோடு போகிறவர்களுக்கு நான் பக்தி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால் பற்றிச் சொல்ல உண்டு. அந்த மணல் பகல் பதினொரு மணிக்குப் பிறகு அடுப்புக்கல் மாதிரி. வெறுங்காலோடு நடப்பது நேர்த்தி என்று தெரியும். ஆனால் பத்து வருடமாகச் சீனி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்ததே தெரியாது, மூன்றாம் நாள் மணத்தால்தான் தெரியும். புறப்படமுன் கிளினிக்கில் பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் பழகிய சப்பாத்துப் போட்டுத்தான் போகவேண்டும். முருகன் கோவிக்க மாட்டார். புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே போடுவது வெறுங்காலைவிட மோசம்; ஒரு மாதமாவது வீட்டைச் சுற்றிப் போட்டுப் பழகுங்கள்.

தண்ணீர்: வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லீற்றர் அளவு வேண்டும். அண்மைக் காலத்தில் வழியில் பவுசர்களில் தண்ணீர் வைக்கிறார்கள். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமலோ குளோரின் குளிசை போடாமலோ குடிக்க வேண்டாம். ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உப்புப் போட்ட கஞ்சி. பெண்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே நடப்பது. சலத்தொற்றோடும் மயக்கத்தோடும் வருகிறவர்களில் பாதிப்பேரின் கதை இதுதான். நாலு பேர் சேலையைப் பிடித்தால் மறைப்பு. வெட்கத்துக்காகச் சிறுநீரகத்தைப் பலி கொடுக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் விரதத்தோடு நடப்பது ஆபத்து. மருந்தின் அளவை உங்கள் வைத்தியரோடு கதைத்து மாற்றிக்கொண்டு, குளுக்கோசையோ பனங்கட்டியையோ மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனேன், ஆற்றில் குளித்தேன், உண்ணி கடித்தது என்பதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலையும் உண்ணிக் காய்ச்சலையும் நேரத்தோடு பிடித்தால் சாதாரண மருந்தில் மாறும். மலேரியாவைப் பற்றி அம்மாமார் கேட்பீர்கள். நாங்கள் குளோரோகுயின் கைப்பில் வளர்ந்தவர்கள்தான். 2016 செப்ரெம்பரில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது.

சரி, நம் வன்னியில் என்ன இருக்கிறது? 1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்கா ஆனது. அதே ஆண்டில் மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியனவும் அப்படியே. கார்த்திகை கழிந்து பங்குனி வரை சுண்டிக்குளத்துக்குப் பூநாரைகள் வரும். தெற்கே கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். 2017 இல் நந்திக்கடலையும் நாயாற்றையும் இயற்கை ஒதுக்கங்களாக அறிவித்தார்கள். இவை எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. ஹோட்டன் சமவெளியில் இருப்பது போல வாசலும், குறித்த நடைபாதையும், தூரப் பலகையும் இங்கே இல்லை. அறிவித்தபோது கோடு போட்டவர்கள், களப்பில் வலை போடுகிறவர்களையும் கரையில் காணி உறுதி வைத்திருக்கிறவர்களையும் முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்கவில்லை என்ற மனத்தாங்கல் ஊரில் இன்னும் இருக்கிறது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் பக்கத்துச் சனத்துக்கு அந்தக் காட்டில் நடக்க ஒரு பாதையும், வழிகாட்டியாக ஒரு வேலையும் கிடைத்தால்தான் அவர்கள் அதைத் தங்கள் காடு என்று நினைப்பார்கள். நந்திக்கடல் ஓரமாக நாலு கிலோமீற்றர் நடைபாதை ஒன்று போட எவ்வளவு செலவாகப் போகிறது?

அதுவரை, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: தெரியாத வன்னிக் காட்டுக்குள் தன்பாட்டில் இறங்கக்கூடாது. மண்டையோட்டுப் பலகை போட்ட இடம் மட்டுமல்ல. கட்டுத்துவக்கு இருக்கிறது, பன்றிவெடி இருக்கிறது, யானைவேலியில் மின்சாரம் இருக்கிறது. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகும் அயலாரோடு, அவர்கள் போகும் தடத்தில் மட்டும், பகலில் போய் வாருங்கள். பாலை, வீரை, முதிரை எது எதுவென்று அவர்களைப் போல எந்தக் கைநூலும் சொல்லித் தராது. விறகுக்கும் தேனுக்கும் போய்வரும் பெண்கள் நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் நடக்கிறார்கள். அதை நாங்கள் நடை என்று கணக்கில் எடுப்பதில்லை. 'நடைப்பயிற்சி' என்றால் சப்பாத்துப் போட்டவர்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் அக்காமாருக்கு ஒரு சொல். ஸ்காபரோவுக்குப் பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. 2015 இல் சட்டப்படி அமைந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. கப்பற் பாய்மரத்துக்கு மரம் வெட்டி இழுத்த பழைய தடம் ஒன்று இன்று அங்கே நடைபாதையாக இருக்கிறது. போன வருடம் அங்கே போனபோது என்னைக் கூட்டிக்கொண்டு போன அக்கா, பதினெட்டு வருடமாக அந்தப் பூங்காவிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறா, அன்றைக்குத்தான் முதல் தடவை உள்ளே வந்தா. இரண்டு வேலை, பிள்ளைகள், பனி. நியாயம்தான். இப்போது ஞாயிறுதோறும் ஐந்தாறு பேர் சேர்ந்து போகிறார்களாம். அங்கும் உண்ணி உண்டு, அது வேறு நோயைக் கொண்டுவரும். நடந்து வந்து காலையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள்.

கடைசியாகக் காசு விடயம். நூற்றாண்டு ஞாபகார்த்தமாகப் பாடசாலை வாசலில் வளைவு கட்டுவது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. வளைவுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் வவுனியாவுக்கு அப்பால் போனதில்லை. மலையைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்தில் ஒரு பஸ் பிள்ளைகளை ஹோட்டன் சமவெளிக்கு அனுப்பலாம். அப்படிச் செய்தால் வளைவு இரண்டடி பதிந்து போகும், அவ்வளவுதான். பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள் என்று ஒரு ரீச்சர் சொன்னா. பொம்பிளைப் பிள்ளையளை இரவு தங்க விடுவினமோ என்றா. ஒவ்வொரு ஐந்து பிள்ளைக்கும் ஒரு பழைய மாணவி கூடப் போவது என்று வைத்துக்கொள்வோம். தாய்மாரில் விரும்புகிறவர்களும் வரட்டும். மாதவிடாய் நாள் என்று எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. மலை ஏறுவதற்கு அது தடையே அல்ல. தேவையானதை நாங்கள் கொண்டுபோவோம், பாவித்ததைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவோம்.

வருகிற மாசியில் முதல் பஸ் போகட்டும் என்று மண்டபத்துக்கு வெளியே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கூடப் போக விரும்பும் அக்காமார் பெயரையும், தொலைபேசி இலக்கத்தையும், என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல நடைச் சப்பாத்துகள் இருந்தால் கழுவிக் கொண்டுவாருங்கள். ஐந்தாம் இலக்கத்திலிருந்து எட்டாம் இலக்கம் வரை எதுவும் இங்கே ஒரு காலுக்குப் பொருந்தும்.